ஒன்று ஊசி, இரண்டு மாத்திரை: ஒரே வீட்டில் மூன்று ஹார்மோன்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் மூன்று பேர் ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்கிறோம். என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். காலையிலும் இரவிலும் இன்சுலின் ஊசி போடுகிறோம். எனக்குத் தைராய்டு குறைவு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. என் கொழுந்தனாருக்கு நுரையீரல் நோய்க்காக ஐந்து மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை. நோய் குறைந்துவிட்டது என்று சென்ற மாதம் அவராகவே அதை நிறுத்தினார். நான்காம் நாள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். ஆனால் கோயில் கொடை அலைச்சலில் நான் இரண்டு நாள் என் மாத்திரையை மறந்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. மூன்றும் ஹார்மோன்தானே? ஒன்றை மட்டும் ஏன் ஊசியாகவே போட வேண்டும்? ஒன்றை விட்டால் ஒன்றும் ஆகாமலும், இன்னொன்றை விட்டால் உயிருக்கே ஆபத்தாகவும் இருப்பது ஏன்? இவை உடம்பில் எப்படி உண்டாகின்றன, எப்படி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கின்றன? பக்கத்து வீட்டு மதினி, ‘இன்சுலின் செடி’ இலையை மென்று தின்றால் ஊசியே வேண்டாம் என்கிறார். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். ஹார்மோன் பாடத்தை நாங்கள் கல்லூரியில் படித்தபோது, தலையிலிருந்து தொடங்கி அடிவயிறு வரை சுரப்பிகளின் பெயர்களை வரிசையாக ஒப்பித்துத்தான் உள்ளே நுழைந்தோம். நீங்களோ வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்; அதுவே நல்ல வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஹார்மோன் எந்தப் பொருளால் ஆனது என்பதைத் தெரிந்துகொண்டால், அதை உடம்பு முன்கூட்டியே செய்து வைத்திருக்குமா அல்லது கேட்ட பிறகுதான் செய்யுமா, இரத்தத்தில் அது தனியே போகுமா அல்லது துணையோடு போகுமா, ஊசியாகக் கொடுக்க வேண்டுமா, மாத்திரை போதுமா, நிறுத்தினால் எத்தனை நாளில் உடம்பு காட்டிக்கொடுக்கும் என்ற உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் பெரும்பாலும் அதிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

ஹார்மோன் என்ற சொல்லை 1905ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் வழக்குக்குக் கொண்டுவந்தார். கிளப்பிவிடுதல், தூண்டுதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன் அவரும் வில்லியம் பேலிஸும், சிறுகுடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்ட பின்னும், அங்கே அமிலம் பட்டவுடன் கணையம் நீர் சுரப்பதைக் கண்டார்கள். நரம்பு இல்லாமல் செய்தி போயிருக்கிறது என்றால் அதை இரத்தம்தான் சுமந்து போயிருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டதே இந்தத் துறையின் தொடக்கம். ஆக, ஹார்மோன் என்பது ஓரிடத்தில் உண்டாகி, இரத்தத்தில் பயணம் செய்து, வேறோர் இடத்தில் வேலை நடத்தும் ஒரு செய்திப் பொருள். அதற்கென்று தனிக் குழாய் கிடையாது. அதனால்தான் இவற்றைச் சுரப்பவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம்.

இரத்தத்தின் நீர்ப்பகுதியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள சவ்வோ கொழுப்பால் ஆனது. தண்ணீரோடு ஒட்டும் ஹார்மோன், சீனி காப்பியில் கரைவதுபோல இரத்தத்தில் கரைந்து தடையின்றிப் போய்விடும். ஆனால் போய்ச்சேர்ந்த இடத்தில் கொழுப்புச் சுவரைத் தாண்ட முடியாமல் வாசலில் நின்று கதவைத் தட்டும். செல்லின் வெளிப்புறத்தில் அதற்கென்றே அமைந்த ஏற்பி அந்தத் தட்டலைக் கேட்டு உள்ளே செய்தி சொல்லும். எண்ணெய்த் தன்மையுள்ள ஹார்மோனின் கதை நேர்மாறானது: ரசத்தின் மேல் நெய் மிதப்பதுபோல அது இரத்தத்தில் கலக்காமல் நிற்பதால் வழிப்பயணத்துக்கு ஒரு வண்டி வேண்டும், ஆனால் செல்லைச் சேர்ந்துவிட்டால் சவ்வைக் கடந்து நேரே உள்ளே போய், மரபணுக்கள் இருக்கும் உட்கரு வரை சென்று வேலை நடத்தும். உங்கள் மாமியாரின் இன்சுலின் முதல் வகை. கொழுந்தனாரின் ஸ்டீராய்டு இரண்டாம் வகை. உங்கள் மாத்திரையில் உள்ள தைராய்டு ஹார்மோனான தைராக்சின், பிறப்பால் முதல் வகைக்கு உறவு, நடத்தையால் இரண்டாம் வகை. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

இன்சுலின் ஒரு புரதம். பருப்பிலும் முட்டையிலும் இருப்பதும் புரதம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணையத்தில் உள்ள பீட்டா செல்கள், தங்கள் மரபணுவில் எழுதியிருப்பதைப் படித்து, புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்களில் 110-ஐ ஒரே சரமாகக் கோக்கின்றன. இந்தச் சரம் அப்படியே இன்சுலின் ஆகாது. முன்முனையில் உள்ள 24 அமினோ அமிலங்கள், சரத்தைச் செல்லின் உட்கூடத்துக்குள் இழுத்துச் செல்வதற்காக மட்டுமே இருப்பவை. உள்ளே நுழைந்தவுடன் அவை வெட்டப்படும். மீதி 86 அமினோ அமிலங்கள் மடிந்து, கந்தகப் பிணைப்புகளால் முடிச்சிடப்பட்டு உருவம் பெறும். அதன்பின் நடுவே உள்ள ஒரு துண்டு நீக்கப்பட, 21 அமினோ அமிலங்கள் உள்ள ஓர் இழையும் 30 உள்ள இன்னோர் இழையும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். அந்த 51தான் இன்சுலின். மாலை கட்டுகிறவர் முதலில் நீளமாகத் தொடுத்துவிட்டுப் பிறகு வேண்டாததை நறுக்கி எறிவதுபோன்ற இந்த வேலையில், நறுக்கிய துண்டும் வீணாவதில்லை. சி-பெப்டைடு என்ற அந்தத் துண்டு, இன்சுலினுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்தே வெளியேறுகிறது. ஊசி மருந்தில் அது இருப்பதில்லை. ஆகவே ஊசி போட்டுக்கொள்கிறவரின் இரத்தத்தில் சி-பெப்டைடை அளந்தால், அவருடைய சொந்தக் கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் மாமியாருக்கு எப்போதாவது அந்தப் பரிசோதனை எழுதித் தந்தால் ஏன் என்று இனி உங்களுக்குப் புரியும்.

செய்து முடித்த இன்சுலின், ஆறு ஆறாகத் துத்தநாகத்தைச் சுற்றிக் கூடி, நுண்ணிய பைகளில் அடைபட்டுச் செல்லுக்குள்ளேயே காத்திருக்கும். சாப்பிட்டபின் இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது பீட்டா செல்லுக்குள்ளும் சர்க்கரை நுழைந்து எரிகிறது. அப்படிக் கிடைக்கும் ஆற்றல், செல்லின் சுவரில் உள்ள பொட்டாசியம் வாயிலை மூடுகிறது. அதனால் சவ்வின் மின்நிலை மாறி, கால்சியம் வாயில் திறந்து, கால்சியம் உள்ளே பாய்ந்தவுடன் பைகள் சவ்வோடு ஒட்டி வாய் பிளந்து இன்சுலினை வெளியே கொட்டுகின்றன. முதல் கொட்டு சில நிமிடங்களில் நடந்துவிடும். ஏற்கெனவே கட்டி வைத்த பொட்டலங்கள் அவை. பிறகு மெதுவான இரண்டாம் சுரப்பு நீண்ட நேரம் தொடரும். சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிமிபிரைடு மாத்திரை, சர்க்கரைக்காகக் காத்திராமல் அந்தப் பொட்டாசியம் வாயிலைத் தானே மூடிவிடும் மருந்து. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவது அதனால்தான்.

இன்சுலின் தண்ணீரோடு ஒட்டும் இனம் என்பதால் இரத்தத்தில் தனியாகவே போகிறது. துணை இல்லாததால் ஆயுளும் குறைவு. இரத்தத்தில் கலந்த இன்சுலினில் பாதி, ஐந்தாறு நிமிடங்களில் மறைந்துவிடும். கணையத்திலிருந்து கிளம்பும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கேயே ஏறக்குறைய பாதி இன்சுலின் பிடிக்கப்பட்டுவிடும். இது வீணல்ல, சர்க்கரையைச் சேமிக்கும் பெரிய கிட்டங்கி கல்லீரல்தான் என்பதால் முதல் செய்தி அங்கே போவது முறைதான். ஊசியில் போடும் இன்சுலினுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. அது தோலுக்கு அடியிலிருந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டே கல்லீரலை அடைகிறது.

ஏன் மாத்திரையாகத் தர முடியவில்லை என்பதற்கு விடை இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். வயிற்றில் விழும் இன்சுலினும் நாம் தின்னும் பருப்பும் செரிமான நீருக்கு ஒன்றுதான். அது இரண்டையும் அமினோ அமிலங்களாக நறுக்கிவிடும். தப்பிப் பிழைத்தாலும் அவ்வளவு பெரிய மூலக்கூறு குடல் சுவரைத் தாண்டாது. சர்க்கரைக்குத் தரும் செமாகுளூடைடு என்ற வேறொரு புரதவகை மருந்தை, உறிஞ்சுதலுக்கு உதவும் ஒரு பொருளோடு சேர்த்து மாத்திரையாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் அதிலும் விழுங்கியதில் மிகமிகச் சிறு பகுதிதான் இரத்தத்தைச் சேர்கிறது. இன்சுலினில் அப்படி வீணடிக்கவோ, ஒருநாள் கூடுதலாகவும் ஒருநாள் குறைவாகவும் உறிஞ்சப்படுவதைப் பொறுத்துக்கொள்ளவோ முடியாது.

மேலே சொன்ன அந்த ‘ஆறு ஆறாகக் கூடும்’ குணம் உங்கள் வீட்டுக் குப்பியிலும் இருக்கிறது. சாதாரண மனித இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போடச் சொல்வது, அந்த அறுவர் கூட்டம் தோலுக்கடியில் பிரிந்து ஒற்றை ஒற்றையாகி இரத்தத்தில் நுழைய நேரம் பிடிப்பதால்தான். சீக்கிரம் பிரியும்படி மாற்றியமைத்த புதுவகை இன்சுலின்களைச் சாப்பிட உட்காரும்போதே போடலாம். காலையும் இரவும் போடும் கலவை இன்சுலின் என்றால் பெரும்பாலும் பால்போல் கலங்கலாக இருக்கும். அதை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும், சோடா பாட்டிலைப்போலக் குலுக்கக் கூடாது. புரதம் வெப்பத்தில் கெடும், உறைந்தாலும் கெடும். ஆகவே திறக்காத குப்பிகளைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஐஸ் அறையில் வைக்காதீர்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணல் சூழ்ந்த மண்பானை, நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கும் ஓரளவு கைகொடுக்கும். குற்றாலத்துக்குச் சீசனுக்குப் போகிறவர்கள் குப்பியைக் காருக்குள் விட்டுவிட்டுக் குளிக்கப் போய், ‘மருந்து வேலையே செய்யவில்லை’ என்று திரும்பி வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அருவிக்கரை குளிர்ச்சியாக இருக்கலாம், வெயிலில் நிற்கும் காரின் உள்ளே அப்படி இருப்பதில்லை.

இனி உங்கள் மாத்திரைக்கு வருவோம். தைராய்டு ஹார்மோன் ஒரே ஓர் அமினோ அமிலத்திலிருந்து, டைரோசினிலிருந்து, பிறக்கிறது. அதோடு வேண்டியது அயோடின். பெரியவர்களுக்கு ஒருநாள் தேவை 150 மைக்ரோகிராம். ஊசிமுனையில் நிற்கும் அளவு. பக்கத்தில் தூத்துக்குடி உப்பளம் இருக்க நமக்கு அயோடினுக்கு என்ன குறை என்று பலர் கேட்பதுண்டு. கடல்நீர் காய்ந்து வரும் சாதாரண உப்பில் அயோடின் மிகக் குறைவு. பாசியிலும் மீனிலும் இருக்குமே தவிர உப்பில் தங்குவதில்லை. அதனால்தான் தொழிற்சாலையில் சேர்க்கிறார்கள்.

தைராய்டு செல், இரத்தத்தில் அரிதாக ஓடும் அயோடினை வலிந்து உள்ளே இழுத்து, தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தில் வரிசையாக உள்ள டைரோசின்களில் ஏற்றுகிறது. அயோடின் ஏறிய இரண்டு டைரோசின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றோடொன்று இணையும்போது, நான்கு அயோடின் கொண்ட டி4 (இதுதான் தைராக்சின்) அல்லது மூன்று கொண்ட டி3 உண்டாகிறது. இணைந்தபின்னும் அவை அந்தப் புரதத்திலேயே ஒட்டிக்கொண்டு, செல்லுக்கு வெளியே சிறு சிறு உருண்டைகளின் நடுவில், கூழ்போலத் தேங்கி நிற்கும். நம் பக்கத்து வீடுகளில் முன்பு குலுக்கையில் நெல்லைக் கொட்டி வைத்ததுபோன்ற ஏற்பாடு இது. இப்படி இரண்டு மூன்று மாதத்துக்கான இருப்பை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நாளமில்லாச் சுரப்பி வேறு கிடையாது. குலுக்கையில் இருப்பது நெல்தான், அரிசி அல்ல. தலைக்குள் உள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியிலிருந்து டிஎஸ்ஹெச் என்ற உத்தரவு வந்தவுடன், தைராய்டு செல் அந்தக் கூழில் ஒரு வாய் விழுங்கி, புரதத்தைச் சிதைத்து, டி4-ஐயும் கொஞ்சம் டி3-ஐயும் பிரித்தெடுத்து இரத்தத்தில் விடுகிறது. மிஞ்சிய உமியில் உள்ள அயோடினைக்கூட வழித்தெடுத்து மறுபடி பயன்படுத்துகிறது. வெளியேறுவதில் பெரும்பகுதி டி4. அது அரிசி. உறுப்புகள் ஓர் அயோடினைக் கழற்றி அதை டி3 என்ற சோறாக்கிக்கொள்கின்றன; செல்லுக்குள் வேலை செய்வது பெரும்பாலும் டி3தான்.

நான்கு அயோடினைச் சுமந்து நிற்பதால் இந்த ஹார்மோன் தண்ணீரில் எளிதாகக் கரையாது. பிறந்த குலத்தை விட்டு எண்ணெய்க் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது. இரத்தத்தில் அதைச் சுமக்கக் கல்லீரல் தனிப் புரதங்களைச் செய்து அனுப்புகிறது. அவற்றில் தைராக்சினுக்கென்றே அமைந்த ஒரு புரதம் நான்கில் மூன்று பங்கைச் சுமக்கிறது. மீதியில் பெரும்பகுதியை டிரான்ஸ்தைரெட்டின், ஆல்புமின் என்ற இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. எதையும் பற்றாமல் தனித்து உலவும் டி4, பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். வேலை செய்வது அந்தச் சிறு பங்கு மட்டுமே. அது செலவாகச் செலவாக வண்டிகளிலிருந்து கொஞ்சம் இறங்கி அந்த இடத்தை நிரப்பும். ‘ஃப்ரீ டி4’ என்று பரிசோதனைச் சீட்டில் எழுதுவது இந்தத் தனித்த பங்கைத்தான்.

கொடை நாளில் நீங்கள் தப்பியதன் காரணம் இங்கே இருக்கிறது. உங்கள் சுரப்பியின் குலுக்கை ஏறக்குறையக் காலி. ஆனால் இரத்தத்தில் ஓடும் வண்டிகளே இப்போது உங்களுக்குக் குலுக்கை. டி4 பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். இரண்டு நாள் விட்டால் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் இருக்கும். அதற்காக மறதிக்கு அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; மூன்று நான்கு வாரம் தொடர்ந்து விட்டால் சோர்வும் வீக்கமும் மலச்சிக்கலும் மெல்ல ஏறிவரும். மாத்திரை அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டிஎஸ்ஹெச் பார்க்கச் சொல்வதும் இதே மெதுவான குணத்தால்தான். மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, காப்பிக்கும் பலகாரத்துக்கும் அரைமணி முதல் ஒருமணி நேரம் இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகள் இதைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு நான்கு மணி நேரம் தள்ளிப்போங்கள். கருவுற்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்: அப்போது ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் கூடி, கல்லீரல் அதிக வண்டிகளை அனுப்பும், காலி வண்டிகளில் ஹார்மோன் ஏறிக்கொள்வதால் பலருக்கும் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இதே டைரோசினுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு, அதுதான் அட்ரினலின். அயோடின் சேராததால் அது தண்ணீரோடு ஒட்டியே நிற்கிறது, நுண்பைகளில் அடைபட்டுக் காத்திருக்கிறது, நரம்பின் உத்தரவு வந்த நொடியில் வெளியே பாய்கிறது, ஓரிரு நிமிடங்களில் மறைகிறது. இருட்டில் காலுக்கடியில் கயிறு நெளிந்தால் நெஞ்சு படபடப்பதும், கயிறுதான் என்று தெரிந்தபின் சற்று நேரத்தில் அடங்குவதும் அதன் ஆயுள் அவ்வளவே என்பதால். நரம்பு இட்ட உத்தரவில் வெளியேறும் இன்னொன்று ஆக்சிடோசின். 9 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சிறு சரம் மூளையின் ஹைபோதலாமஸில் உண்டாகி, நரம்பிழையின் உள்ளேயே பயணம் செய்து, பிட்யூட்டரியின் பின்பகுதியில் வந்து தங்குகிறது. கன்று மடியை முட்டியவுடன் பசுவுக்குப் பால் இறங்குகிறதே, முட்டலின் செய்தி நரம்பு வழியே மேலே போய், ஆக்சிடோசின் இரத்த வழியே கீழே வந்த பலன் அது. மேலே போனதும் கீழே வந்ததும் ஒரே நிமிடத்தில் முடிகிற வேலை.

உங்கள் கொழுந்தனாரின் விஷயத்தைக் கடைசியில் வைத்தது அது சிறியது என்பதால் அல்ல. அவர் விழுங்கிய மாத்திரை, கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனின் செயற்கை உறவு. உடம்பில் கார்டிசாலைச் செய்வது சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் வெளிப்பகுதி; அவற்றின் உட்பகுதிதான் மேலே சொன்ன அட்ரினலினுக்குப் பிறப்பிடம். ஸ்டீராய்டுகள் அனைத்துக்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால். இருதய நோயின் பேச்சில் மட்டுமே இந்தப் பெயரைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆண்மைக்கும் பெண்மைக்கும் உரிய ஹார்மோன்களும், உடம்பில் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. வெயிலில் நம் தோலில் உண்டாகும் வைட்டமின் டி-யும் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம்.

இன்சுலினைப்போலக் கார்டிசாலைப் பையில் கட்டி வைக்க முடியாது. எண்ணெய்த் தன்மையுள்ள பொருளைக் கொழுப்புச் சவ்வாலான பையில் எப்படி அடைப்பது? செய்த கணமே சவ்வு வழியே கசிந்து வெளியேறிவிடும். ஆகவே அட்ரினல் செல் ஹார்மோனைச் சேமிப்பதில்லை. மூலப்பொருளை மட்டும் சிறு சிறு கொழுப்புத் துளிகளாக வைத்திருக்கும். தோசைக்கடையில் மாவு தயாராக இருக்கும், ஆள் வந்து உட்கார்ந்தபின் கல்லில் ஊற்றுவார்கள் அல்லவா, அந்த முறைதான். பிட்யூட்டரியிலிருந்து ஏசிடிஹெச் என்ற உத்தரவு வந்தவுடன், ஒரு சிறப்புப் புரதம் கொலஸ்ட்ராலை, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குத் தள்ளிவிடுகிறது. இந்தத் தொழிற்சாலையின் வேகத்தை நிர்ணயிக்கும் படி அதுதான். அங்கிருந்து பல நொதிகள் கைமாற்றிக் கைமாற்றிச் சில நிமிடங்களில் கார்டிசாலாக்கிவிடும். வெளியே வந்த கார்டிசாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சுமைப்புரதங்களில் ஏறிக்கொள்ளும். மீதியே தனித்து வேலை செய்யும். ஆனால் தைராக்சினைப்போல இறுகப் பற்றிக்கொள்ளாததால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். விடியற்காலையில் உச்சமாகவும் நள்ளிரவில் மிகக் குறைவாகவும் ஓடுவது இதன் நாள்வழக்கு. ஸ்டீராய்டு மாத்திரையைப் பெரும்பாலும் காலை உணவுக்குப் பின் போடச் சொல்வது அந்த வழக்கோடு ஒத்துப்போகத்தான். புரதம் அல்லாததால் செரிமான நீர் இதை நறுக்குவதில்லை, கொழுப்போடு ஒட்டுவதால் குடல் சுவரும் தடுப்பதில்லை. ஊசி இல்லாமல் வாய்வழியே கொடுக்க முடிவதற்கு அது காரணம்.

இப்போது அவருக்கு நடந்தது என்ன என்று பாருங்கள். குளம் நிறைந்திருந்தால் கால்வாயின் மடையை அடைப்பது நம் தாமிரபரணிப் பாசனத்தின் வழக்கம். உடம்பிலும் அப்படியே: இரத்தத்தில் ஸ்டீராய்டு போதுமான அளவு இருந்தால், ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் ஏசிடிஹெச் உத்தரவை நிறுத்திவைக்கும். அது சொந்தச் சுரப்பா, மாத்திரையா என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 5 மில்லிகிராம், 20 மில்லிகிராம் கார்டிசாலுக்குச் சமம். நோய்க்காக அதைவிடப் பல மடங்கு கொடுக்கும்போது குளம் வெளியூர்த் தண்ணீரால் தளும்பி நிற்கிறது, மடை ஐந்து மாதமாக அடைத்தே கிடக்கிறது. தண்ணீர் வராத கால்வாய் என்ன ஆகும்? தூர்ந்துபோகும். உத்தரவு வராத அட்ரினல் வெளிப்பகுதியும் அதுபோலச் சுருங்கிவிடுகிறது. அந்த நிலையில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தியபோது மருந்தின் வேலை ஓரிரண்டு நாளில் தீர்ந்தது. மடையைத் திறந்தாலும் தூர்ந்த கால்வாயில் தண்ணீர் வரவில்லை. சேமிப்பு என்பதே இல்லாத ஹார்மோன் ஆதலால் இடையில் தாங்கவும் எதுவும் இல்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தாழ்ந்து, வாந்தியும் மயக்கமும் வந்தது அதன் விளைவு. நேரத்தோடு கொண்டுபோனீர்கள், நல்ல வேலை செய்தீர்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்த யாரும் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. அளவை வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், படிப்படியாகக் குறைப்பது அந்தக் கால்வாயைத் தூர்வார அவகாசம் கொடுப்பதற்காக. முழுதும் மீள ஓராண்டுகூட ஆகலாம். தேவைப்பட்டால் காலை 8 மணி அளவில் இரத்தத்தில் கார்டிசால் பார்த்துச் சுரப்பி விழித்துவிட்டதா என்று மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை, ஏன், பல் பிடுங்குவதாக இருந்தாலும், ‘நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன்’ என்று அவர் முதலில் சொல்ல வேண்டும். நல்ல உடம்பில் அந்த நேரங்களில் கார்டிசால் தானாகக் கூடும், அவருக்கு மருந்தாகக் கூட்டித் தர வேண்டியிருக்கும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், ஊசியாகப் போட வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். இந்த மாத்திரைகளின் மீது அவருக்கு வெறுப்பு வந்திருக்கலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பட்டது மருந்தாலல்ல, நிறுத்திய விதத்தால்.

மதினி சொல்லும் செடியை நானும் பல வீட்டு முற்றங்களில் பார்த்திருக்கிறேன். பெயரில் இன்சுலின் இருக்கிறதே தவிர இலையில் இன்சுலின் இல்லை. பேச்சுக்கு இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், மென்று விழுங்கியபின் வயிறு அதைப் பருப்பைச் செரிப்பதுபோலச் செரித்துவிடும் என்பதை மேலே பார்த்தோம். அந்த இலையின் சாறு விலங்குகளில் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் வந்திருப்பது உண்மை. அது வேறு பொருள்களின் வேலை. ஊசிக்கு ஈடாக அதை நம்ப அந்த ஆய்வுகள் போதா. உங்கள் மாமியார் ஆசைக்கு ஓர் இலை தின்பதைத் தடுத்து வீட்டில் சண்டை வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஊசியின் ஒரு யூனிட்டைக்கூட அதற்காகக் குறைக்காதீர்கள், அந்த நாட்களில் குளுக்கோமீட்டரில் காலையும் மாலையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்து, அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.